பினாங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பாசாருக்குப் போகுமுன்

பினாங்கில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் விலை அடங்கிக் கிடப்பவை நாலு சாமான்கள்: சீனி, மாவு, சமையல் எண்ணெய், வெள்ளை அரிசி. பெருமணிச் சீனி கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு. பாக்கெட் எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசு. சாதாரணக் கோதுமை மாவு பாக்கெட் 1 வெள்ளி 35 காசு. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ பை 26 வெள்ளி. அரசாங்கம் மானியம் கொடுத்தோ உச்சவரம்பு போட்டோ பிடித்து வைத்திருக்கும் விலைகள் இவை. மானியம் இந்நாட்டுக் குடிமக்களை மனதில் வைத்துத் தரப்படுவது. எண்ணெய்ப் பாக்கெட்டை ஆளுக்கு இத்தனைதான் என்று அளந்து கொடுப்பார்கள். 26 வெள்ளி அரிசியும் 2023-இல் இறக்குமதி அரிசியின் விலை எகிறியதிலிருந்து எல்லாக் கடையிலும் எப்போதும் இருப்பதில்லை.

கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறவர் முதலில் இந்த நாலையும்தான் தூக்கிக்கொண்டு வருவார். வேலை முடிந்து வந்து சோறு வடித்து, முட்டையைப் பொரித்து, சீனி போட்ட தேநீரோடு சாப்பிட்டுப் படுத்துவிடுவார். வயிறு நிறையும், செலவும் குறையும். ஆனால் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு சீனி வியாதி இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிடக் கூடுதல்.

நல்ல சாப்பாடு, மனசாட்சிக்கு உறுத்தாத சாப்பாடு என்றால் ஆர்கானிக் கடைக்குப் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கடையில் ஒருமுறை பில்லைப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று பழையபடி சோறும் முட்டையுமாகத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் காசை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி விஷயமும் அடங்கியிருக்கிறது. பருப்பு, மீன், கீரை, பழம் இவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிடுங்கள். விலை அடங்கிய அந்த நாலு சாமானையும் கடைசியில், அளவோடு வாங்குங்கள். அவை எங்கும் ஓடிவிடாது.

முதல் வேலை: பட்டியல்

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு தட்டுக் கணக்கு சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். சாப்பாட்டுக்குச் சொன்னது என்றாலும் வாங்குவதற்கும் இது பொருந்தும். காய்கறி, பழம் நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஓர் ஆளுக்கு வாரம் 2.8 கிலோ. தனியாக இருக்கும் பையன்கள் பலர் வாரத்துக்கு ஒரு கிலோ கூட வாங்குவதில்லை.

ஓர் ஆளுக்கு ஒரு வாரம் என்றால், அரை கிலோ பருப்பும் பயறும் கலந்து, பத்து முட்டை, ஒரு கிலோ சின்ன மீன், ரெண்டு மூணு துண்டு தெம்பே அல்லது தாவு (டோஃபு), கீரையும் காயுமாக ரெண்டு கிலோ, பழம் ஒரு கிலோ. இதை எழுதிவிட்டு அதன் கீழே அரிசி, எண்ணெய், சீனி. சைவக்காரர்கள் மீனையும் முட்டையையும் எடுத்துவிட்டுப் பருப்பையும் தெம்பேயையும் கூட்டிக்கொள்ளுங்கள். சைவக் கடைகளில் கோழி போலவும் மீன் போலவும் செய்து விற்கும் போலி இறைச்சி ருசியாக இருக்கும், ஆனால் உப்பு கூடுதல், விலையும் கூடுதல். அது விருந்துச் சாப்பாடு.

தெம்பே தெரியாதவர்களுக்கு: சோயாபீன்ஸை வேகவைத்து நொதிக்கவிட்டுக் கட்டியாக்கியது. ஜாவாவிலிருந்து வந்த பண்டம். பாசாரில், அதாவது சந்தையில், வாழையிலையிலோ பிளாஸ்டிக்கிலோ சுற்றி விற்பார்கள். ஒரு வெள்ளிக்கு இவ்வளவு புரதம் தரும் சாமான் வேறு அதிகம் இல்லை. மெல்லியதாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவிக் கொஞ்சம் எண்ணெயில் வறுத்து சாம்பாரோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் கடையில் எதை

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குவது வசதிதான், ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

கீரை, காய், மீன், தெம்பே, தேங்காய் இவற்றுக்குக் காலைப் பாசார். ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்குக் கொம்தார் கோபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சௌராஸ்தா பாசார். அதைத் தவிர ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பத்து லஞ்சாங், பாயான் பாரு என்று வட்டாரத்துக்கு ஒரு பாசார் உண்டு. புலாவ் தீக்குஸ் பாசார் அழகாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்குப் பாயான் பாருதான் வசதி. ஏழு, எட்டு மணிக்குப் போனால் நல்ல சரக்கு. பதினோரு மணிக்கு மேல் போனால் மிஞ்சியதைக் குவியல் குவியலாக வைத்து 'சத்து லொங்கோக்' இவ்வளவு என்று விற்பார்கள். அன்றைக்கே சமைப்பதென்றால் அது லாபம். மூன்று நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

பருப்பு, பயறு, மசாலா, பொன்னி அரிசி, கேழ்வரகு, சாமை, நல்லெண்ணெய் இவற்றுக்கு லிட்டில் இந்தியா. லெபோ பாசார், லெபோ குயின், பினாங்கு ஸ்திரீட் சுற்றியுள்ள கடைகளில் மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பார்கள். சிறுதானியம் என்று பேரங்காடிகளில் அழகான பெட்டியில் வைத்து விற்பதும் இங்கே நிறுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான், விலைதான் வேறு. பெருநிலத்தில், பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்கள் இதற்காகப் பாலம் தாண்ட வேண்டியதில்லை. அங்கேயும் நம்மவர் மளிகைக் கடைகள் நிறைய.

பேரங்காடி பால், ஓட்ஸ், டப்பா மீன், சோப்பு போன்றவற்றுக்கு. இரவில் கடை மூடும் நேரம் நெருங்கும்போது ரொட்டி, வெட்டிய பழம், கோழி மேல் தள்ளுபடி ஒட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துப் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு.

விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா நடத்தும் பாசார் தானி என்று ஒன்று இருக்கிறது. விவசாயிகளும் சின்ன வியாபாரிகளும் வாரத்தில் குறிப்பிட்ட நாள் கூடி விற்பார்கள். உங்கள் பக்கம் எந்த நாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அங்கே காய்கறியைவிட எண்ணெயில் பொரித்ததும் கலர் தண்ணீரும்தான் அதிகம். வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள்.

விலை சரிதானா என்று தெரிந்துகொள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ் கேட்சர் என்ற செயலியைப் போனில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வட்டாரக் கடைகளில் கோழி, முட்டை, காய்கறி என்ன விலை என்று காட்டும். முதல் மாதம் உதவும், அப்புறம் உங்களுக்கே விலை மனப்பாடம் ஆகிவிடும்.

அளவு விஷயத்தில் ஒன்றே ஒன்று. நெத்திலி, காய்ந்த இறால் போன்றவற்றுக்கு அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான விலை. கிலோ விலை என்று நினைத்து 'அரை கிலோ குடுங்க' என்றால் பையைக் கட்டியபிறகு முகம் மாறவேண்டி வரும்.

மீன்

பினாங்கு தீவு. இங்கே வந்து மீன் சாப்பிடாமல் தினமும் கோழியே சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

தேட வேண்டியது கெம்போங். தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி, அயிலை என்பார்கள், இலங்கையில் கும்பளா. இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைந்த மீன், விலையும் கட்டுப்படியாகும். அதற்காக வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்திறங்கும் சால்மனுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. அதே வரிசையில் செலார், செலாயாங், செஞ்சாரு. செஞ்சாருவுக்கு வாலருகே முரட்டுச் செதில் இருக்கும், வாங்கும்போதே எடுத்துத் தரச் சொல்லிவிடுங்கள். வாவலும் தெங்கிரி என்கிற வஞ்சிரமும் நல்ல மீன்கள்தான், ஆனால் கையைக் கடிக்கும். வாவலும் இறாலும் சீனப் புத்தாண்டை ஒட்டி இன்னும் ஏறும். ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கரையில் வாடைக்காற்று அடித்துப் படகுகள் இறங்காத மாதங்களிலும் பொதுவாக மீன் விலை உயரும். அந்த நாட்களில் வாரத்தில் ஒன்றிரண்டு நாளை டப்பா மத்திக்கும் பருப்புக்கும் விட்டுவிடலாம்.

மீன் கடை முன்னால் நின்றதும் விலை அட்டையைப் பார்க்குமுன் கண்ணைப் பாருங்கள், மீனின் கண்ணை. பளிச்சென்று, சற்றுப் புடைத்து இருக்கவேண்டும். வெண்படலம் விழுந்து உள்ளே போயிருந்தால் அடுத்த கடை. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், நல்ல மீன்காரர் சொல்லாமலே தூக்கிக் காட்டுவார். ரத்தச் சிவப்பு நல்லது, பழுப்பு வேண்டாம். விரலால் முதுகில் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். கெம்போங்குக்கு வயிற்றையும் பார்க்கவேண்டும். சின்ன மீன்களில் முதலில் இளகுவது அதுதான். வயிறு வெடித்துக் குடல் தெரிந்தால் ஐஸ் போடாமல் நேரம் கடந்த மீன். எல்லாம் சரி என்றால் 'சியாங்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், குடலெடுத்துச் சுத்தம் செய்து தருவார்கள். 'போத்தோங் காரி' என்றால் கறிக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். தலையை வீசிவிடாமல் கேட்டு வாங்குங்கள், அடுத்த நாள் ரசத்துக்கு ஆகும்.

நியாயம் என்று பார்த்தாலும் சின்ன மீனுக்கே முதல் இடம். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும் இனங்கள் இவை. திருக்கை, சுறா அப்படியல்ல, ஈனுவது குறைவு, வளரவும் பல ஆண்டுகள் ஆகும். இங்கே இக்கான் பாக்கார் (சுட்ட மீன்) கடைகளில் திருக்கைதான் ராஜா. ஒருநாள் சாப்பிடுவதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், வாராவாரம் வீட்டுக்கு வாங்காமல் இருக்கலாம். விரலளவு குஞ்சு மீன்களைக் கூறுகட்டி விற்பார்கள், அதை விட்டுவிடுங்கள். இழுவைமடியில் அகப்பட்ட பெரிய மீன்களின் குஞ்சுகளும் அதில் கிடக்கும். நெத்திலி வேறு, அது வளர்ந்தாலே அவ்வளவுதான்.

முடிந்தபோது கரையோர மீனவர்களிடம் வாங்குங்கள். தெலுக் கும்பார், பத்து மாவுங், தெலுக் பஹாங் பக்கம் சின்னப் படகில் போய்வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீவின் தென்கரையில் செயற்கைத் தீவுக்காகக் கடலைத் தூர்க்கும் வேலை 2023-இல் தொடங்கியது. அது தங்கள் பிழைப்பைக் கெடுக்கும் என்று அந்த மீனவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தும் வேலை நிற்கவில்லை. அவர்கள் கரைக்கு வரும் நேரம் அலையையும் காற்றையும் பொறுத்தது. பைக் வைத்திருக்கும் நண்பரோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய் விசாரித்து வையுங்கள்.

கீரையும் காயும்

கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோஸ், பிரக்கோலி, கேரட் கண்ணுக்கு அழகு. ஆனால் தாழ்நிலத்தில் விளையும் உள்ளூர்க் கீரைகள்தான் விலைக்கும் சத்துக்கும் நல்லது. பாயாம் நம் தண்டுக்கீரை, முளைக்கீரைக்குச் சொந்தம். காங்கோங் தண்ணீர்க் கீரை. சாயூர் மானிஸ் முட்டையோடு வதக்க நன்றாக இருக்கும். மலாய்க்கார மக்சிக்கள் (அம்மாமார்) தரையில் விரித்து விற்கும் பெகாகா வேறொன்றுமில்லை, வல்லாரைதான். ஊரில் மாத்திரையாக வாங்குவதை இங்கே பச்சையாக, ஒரு கட்டு ஒன்றிரண்டு வெள்ளிக்கு வாங்கித் துவையல் அரைக்கலாம். மரவள்ளிக் கொழுந்து, அதாவது பூச்சுக் ஊபி, வாங்கினால் நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கவேண்டும், பச்சையாகத் தொடக்கூடாது. முருங்கைக்கீரைக்கு நான் காசு கொடுத்ததாக நினைவில்லை. தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், வேலியோரம் மரம் இருக்கும், வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் கிளையே ஒடித்துக் கொடுப்பார்.

பேரம் பேசலாமா? 'குராங் சிகிட்' (கொஞ்சம் குறையுங்கள்) என்று சிரித்துக்கொண்டு கேட்பதில் தப்பில்லை, பெரிய கடைகளில் ஐம்பது காசு, ஒரு வெள்ளி விடுவார்கள். பழகிவிட்டால் கடைக்கார அங்கிள் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலையோ வெங்காயத்தாளோ பையில் போடுவார். ஆனால் ஒரு கூடைக் கீரையை வைத்துக்கொண்டு ஐந்தடியில், அதாவது கடையோர நடைபாதையில், உட்கார்ந்திருக்கும் மக்சிக்கிடம் பேரம் பேசாதீர்கள். நியாயமான வியாபாரம் என்று பெட்டியில் அச்சடித்த காப்பிக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, இங்கே ஐம்பது காசுக்கு மல்லுக்கு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழத்தில் பப்பாளி, வாழை, கொய்யா, தர்பூசணி ஆண்டு முழுக்கக் கிடைக்கும். ஆப்பிளும் திராட்சையும் கப்பலில் வருபவை, சத்தில் கொய்யாவுக்கு உறைபோடக் காணாது. ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் பருவத்தில் பாலிக் புலாவ் பக்கம் போனால் தோட்டத்து ஆட்களே விற்பார்கள். டுரியானை மலிவுப் பட்டியலில் சேர்க்க முடியாது, அது வேறு கணக்கு.

எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள், கீரையின் அடித்தண்டை வெட்டிவிட்டு இலை இலையாக அலசுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம்.

முட்டை, கோழி

முட்டையை எடைப்படி தரம் பிரிக்கிறார்கள். ஏ என்றால் 65 கிராமுக்கு மேல், பி 60-க்கு மேல், சி 55-க்கு மேல். சத்தில் வித்தியாசமில்லை, அளவில்தான். ஏ-க்கும் சி-க்கும் விலை வித்தியாசம் நிறைய இருந்தால் சி வாங்குங்கள். கோழியின் விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பரிலும் முட்டையினுடையது 2025 ஆகஸ்டிலும் எடுக்கப்பட்டுவிட்டன, அதனால் கடைக்குக் கடை பார்த்து வாங்க வேண்டும். முழுக்கோழியாக வாங்கி வெட்டித் தரச் சொன்னால் நெஞ்சும் தொடையும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாக முடியும், எலும்பு சூப்புக்கும் ஆகும்.

'தெலூர் காம்போங்' (நாட்டுக்கோழி முட்டை) என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கோழி முற்றத்தில் சுதந்திரமாக மேய்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். அது கோழியின் இனத்தை மட்டும் குறித்திருக்கலாம். கூண்டில் அடைக்காத முட்டை வேண்டுமென்றால் பெட்டியில் அப்படித் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், விலை நன்றாகவே ஏறும். எல்லாருக்கும் அது முடியாது. கோழியை வாரத்தில் ஒருநாள் குறைத்து அந்தக் காசை அந்த முட்டைக்குப் போடுகிறவர்கள் உண்டு, அதுவும் ஒரு வழி.

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

இங்கே டப்பாக்களின் எழுத்து பெரும்பாலும் மலாயில் இருக்கும். ஆறேழு சொல் தெரிந்தால் போதும். ராமுவான் என்றால் சேர்மானப் பட்டியல். கூலா சீனி, காராம் உப்பு, நாத்ரியும் சோடியம், லெமாக் கொழுப்பு, மின்யாக் சாவித் செம்பனை எண்ணெய், தாரிக் லூப்புட் காலாவதித் தேதி. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஆகவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே டப்பாவின் ஜாதகம் தெரிந்துவிடும்.

தேநீருக்கு எல்லாரும் வாங்கும் அந்த டப்பாவை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பாலின் நிறம், பேச்சில் 'டின் பால்'. பொடி எழுத்தில் 'கிரிமர் மானிஸ்' அல்லது 'கிரிமர் பெக்காட் மானிஸ்' என்று இருக்கும். திருப்பி ராமுவானைப் படியுங்கள். சீனி, செம்பனைக் கொழுப்பு, பால் திடப்பொருள் என்று போகும். பெரும்பகுதி சீனியும் செம்பனையும்தான், பால் பேருக்கு. ஒரு கோப்பைக்கு ரெண்டு கரண்டி ஊற்றினால் சீனித் தண்ணீரில் எண்ணெய் கலந்து குடிப்பதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. குழந்தைகளுக்கு இதைப் பால் என்று கரைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். பால்மாவு வாங்கினாலும் 'சுசு தெப்போங் பெனூ கிரீம்' (முழுக்கொழுப்புப் பால்மாவு) என்ற சொல்லைத் தேடுங்கள். வெளியே குடிக்கும்போது 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர், விலையும் பத்திருபது காசாவது குறையும்.

மாவிலும் கவனம். 'தெப்போங் காண்டும்' என்பது ஊரில் நாம் மைதா என்று சொல்வது. சப்பாத்திக்கு வேண்டியது ஆட்டா, அது தனியாக இருக்கும், விலையும் கொஞ்சம் கூட.

உப்புக்கு உச்சவரம்பு நாளுக்கு 5 கிராம், அதாவது சோடியம் 2,000 மில்லிகிராம். உடனடி மீ பாக்கெட்டில் சில வகைகள் ஒரே வேளையில் அதில் பாதியை விழுங்கிவிடும். தூளைப் பாதி போடுங்கள், ஒரு பிடி சாவிக் கீரையும் ஒரு முட்டையும் சேருங்கள். கிச்சாப் (சோயா சாறு), சோஸ், பெலாச்சான் (இறால் விழுது), உப்புக் கருவாடு எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

சில பொருட்களில் சுகாதார அமைச்சின் 'பிலிஹான் லெபே சிஹாட்' (கூடுதல் ஆரோக்கியமான தேர்வு) முத்திரை இருக்கும், 2017-இல் வந்தது. உதவியான முத்திரைதான், ஆனால் அது அந்தந்த வகைக்குள் ஒப்பிட்டுத் தருவது. முத்திரை உள்ள இனிப்புப் பானம் முத்திரை இல்லாத இனிப்புப் பானத்தைவிடத் தேவலை, அவ்வளவுதான். அதற்காகத் தண்ணீரை விட்டுவிட்டு அதைக் குடிக்கவேண்டாம். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள், பிறகு அதுவும் ஏறியது.

செம்பனை எண்ணெய் பற்றி

வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் செம்பனை எண்ணெயே வேண்டாம் என்பார்கள். காடு அழிவது உண்மை, தோட்டங்களில் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பட்ட பாடும் உண்மை. நம் பாட்டன் பூட்டன் ரப்பர் மரத்தடியில் பட்டதும் அதே ரகம்தான். ஆனால் ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெயைச் சோயாவோ சூரியகாந்தியோ தருவதற்குப் பல மடங்கு நிலம் வேண்டும். வேறு எண்ணெய்க்கு மாறுவதால் மட்டும் காடு பிழைத்துவிடாது. 2020 முதல் மலேசியாவில் நிலைத்த முறையில் விளைந்த செம்பனைக்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயம், ஆகவே அந்த முத்திரையை வைத்து ஒரு பாட்டிலை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆர்.எஸ்.பி.ஓ. என்பது 2004-இல் தொடங்கிய, கம்பெனிகள் விரும்பிச் சேரும் வேறு ஏற்பாடு. ரெண்டு பாட்டிலும் விலை ஒட்டி இருந்தால் அந்த முத்திரை உள்ளதை எடுங்கள். மற்றபடி நான் சொல்வது, எண்ணெயைக் குறையுங்கள். பொரிப்பதை வாரத்தில் ஒருநாளாக்குங்கள். தாளிக்க நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு சின்னப் பாட்டில் போதும்.

ஆர்கானிக் வாங்கலாமா?

காசு இருந்தால் வாங்கலாம். 'இயற்கை', 'மருந்தடிக்காதது' என்று யார் வேண்டுமானாலும் அட்டையில் எழுதிவிடுகிறார்கள். விவசாய இலாகாவின் மை ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மை கேப் முத்திரை ஆர்கானிக் அல்ல, மருந்தை முறையாக, அளவோடு பயன்படுத்தும் பண்ணை என்று அர்த்தம். அந்தக் காய்கறி விலை அதிகம் ஏறாது, நம் போன்றவர்களுக்கு நடுவழி அதுதான்.

பூச்சிமருந்து என்றால் நம் தட்டில் ஒட்டியிருப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இந்த நாட்டுத் தோட்டங்களில் முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்தடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். நகம் உதிர்ந்து, மூக்கில் ரத்தம் வந்து, கண் எரிந்து கஷ்டப்பட்டார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு எதிராக இரேன் பெர்னாண்டஸின் தெனாகானித்தா என்ற பெண்கள், புலம்பெயர் தொழிலாளர் உரிமை அமைப்பும் பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட, பூச்சிமருந்துக்கு எதிரான பான் ஏசியா பசிபிக் அமைப்பும் பல ஆண்டுகள் போராடின. 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020-இல்தான் முழுத்தடை வந்தது. மருந்து குறைவாக அடித்த காயை வாங்கினால் அடிக்கிற ஆளுக்கும் நல்லது.

எல்லாவற்றையும்விட மலிவான ஆர்கானிக் உங்கள் பால்கனியில்தான் இருக்கிறது. கறிவேப்பிலை, புதினா, பாயாம், பச்சை மிளகாய் நாலு தொட்டியில் வரும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை முறையில் வீட்டுத் தோட்டம் போடுவது பற்றி நெடுங்காலமாகச் சொல்லிக் கொடுத்து வருகிறது.

பை, பிரிட்ஜ், புகார்

பினாங்கில் இலவசப் பிளாஸ்டிக் பை கொடுக்கும் வழக்கத்தை 2009-இலேயே நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். கடைக்குப் போகும்போது துணிப்பையும் மீனுக்கு மூடி போட்ட டப்பாவும் எடுத்துப் போங்கள். வந்ததும் மீனைக் கழுவி மஞ்சள் தடவி ஒருவேளைப் பொட்டலமாகக் கட்டி உறையவைத்துவிடுங்கள். கீரையைத் தண்ணீர் வடித்துத் தாளில் சுற்றுங்கள். இந்த வெக்கையில் பத்து கிலோ அரிசியை ஓர் ஆள் வாங்கி வைத்தால் வண்டுதான் சாப்பிடும், ரெண்டு மூன்று கிலோவாக வாங்குங்கள்.

தீபாவளி சமயத்தில் பருப்பு, வெங்காயம், தேங்காய் போன்றவற்றுக்கு அரசாங்கம் பண்டிகைக்கால உச்சவிலை அறிவிக்கும். பட்டியல் நாளிதழ்களில் வரும், அதை வெட்டிப் பர்சில் வைத்துக்கொள்ளலாம். விலையை எழுதி வைக்காமல் ஆளைப் பார்த்து விலை சொல்கிற கடை, தராசில் விளையாடுகிற கடை எந்த ஊரிலும் உண்டு. ரசீதை வைத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப அமைச்சுக்குப் புகார் செய்யலாம், இணையத்திலேயே முடியும். மலாய் சரளமாக வராதவர்கள் பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே கேட்கலாம். 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமட் இட்ரிஸ் நீண்டகாலம் தலைவராக இருந்து வளர்த்த சங்கம் அது. ரசீது, தேதி, கடை இருந்த இடம், முடிந்தால் விலை அட்டையின் ஒரு படம். இவ்வளவும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.